இது தகவல், பதில் வேணாம்

அவளுடைய பெயரை இதில் எழுதப்போவதில்லை. நாகரிகம் கருதி மறைக்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் பெயரைச் சொல்லியே தீரவேண்டிய ஒரு நாளில் நான் வாயைத் திறக்கவில்லை. அப்படிப்பட்டவள் இப்போது அவள் பெயரை மட்டும் தாராளமாக எடுத்துச் சொன்னால் எனக்கே நன்றாக இருக்காது.

எதைப் பேசினாலும் அது என்ன மாதிரிப் பேச்சு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசுவாள். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டில், பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மொத்தம் பதினாலு பேர். முதல் நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் என் டிபன் கேரியரிலிருந்து ஒரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இது புகார் இல்லபா, தகவல். உன் ரசத்துல உப்பு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் ஊரில் குறை சொல்கிறவர்கள் முதலில் நம்மைப் புகழ்ந்து, நம் அம்மாவைப் புகழ்ந்து, அப்புறம்தான் உப்புக்கு வருவார்கள். இவள் தபாலாபீசில் முத்திரை குத்துகிற மாதிரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முத்திரை குத்தி அனுப்பினாள்.

லீவு வேண்டுமென்றால் மேனேஜர் அறைக் கதவைப் பாதி திறந்து, "சார், இது கேக்கறது இல்ல, சொல்றது. நாளைக்கு நான் வரல," என்பாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் கதவு மூடிவிடும். காலையில் படாளத்திலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கியதும் வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒன்று அடித்தால் வந்து சேர்ந்துவிட்டாள். இரண்டு அடித்தால் சாயங்காலம் நேரமாகும். மூன்று அடித்தால் உடனே திருப்பிக் கூப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோர் வீட்டிலும் இப்படி ஏதோ ஒரு கணக்கு இருந்ததுதான். இவள் வீட்டில் மட்டும் அந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

"சும்மாதான்" என்ற சொல் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. யாராவது அவள் இருக்கைப் பக்கம் வந்து நின்றால் திரும்பாமலே கேட்பாள்: "இன்னாபா, தகவலா, கேள்வியா?" சும்மாதான் வந்தேன் என்றால் கோபம் வந்துவிடும். "சும்மான்னு ஒரு சேதி ஒலகத்துலயே கெடையாது. உள்ள ஒண்ணை வெச்சிகினு சும்மான்னு சொல்றதுதான் கீது," என்பாள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் அப்பா படாளத்தில் தபால்காரர். தொண்ணூறுகளில், இவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது, கோடை லீவில் அவருடைய சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்து சுற்றுவட்டாரம் முழுக்கப் போயிருக்கிறாள். ஒரு நாள் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. அந்த வீட்டுக்காரருக்குப் பம்பாயில் வேலை. வெயில், அலைச்சல், அப்பா ஒன்றும் சொல்லாமல் தந்தியை நீட்டியிருக்கிறார். தந்தி என்றாலே சாவுதான் என்றிருந்த காலம். அந்த அம்மாள் காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. அப்படியே வாசற்படியில் சாய்ந்தவளுக்கு மண்டை உடைந்து ரத்தம். பிரித்துப் பார்த்தால், புருஷன் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறானாம். அவ்வளவுதான் சேதி.

"அன்னியிலேர்ந்து எங்கப்பா தெருமொனையிலயே கத்த ஆரமிச்சிடுவாரு. 'யம்மா, தந்தி வந்துகீது, நல்ல சேதிதான், பயப்படாத!' அப்பறந்தான் சைக்கிள்லேர்ந்து எறங்குவாரு," என்று சொன்னாள். கெட்ட சேதி என்றால் கத்தமாட்டாராம். மணியை மட்டும் ஒரு தடவை அடித்துவிட்டு இறங்கி, வீட்டு ஆண்பிள்ளை யாரையாவது தனியாகக் கூப்பிடுவார். மணி ஒற்றையாகக் கேட்டால் தெருவே அடங்கிவிடுமாம்.

இதையெல்லாம் நான் கதையாகத்தான் கேட்டேன். அவள் வேலையாகவே செய்தாள்.

இரண்டாயிரங்களின் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களில் எச்சரிக்கைக் கம்பம் நட ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்திருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சில குப்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பம், உச்சியில் ஒலிபெருக்கி, கீழே இரும்புப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கடல் நிலவரத்தை வாங்குவது ஒரு புரோகிராம், அதைப் பார்த்து முடிவெடுப்பது இன்னொன்று, பெட்டியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைப் பேசவைப்பது மூன்றாவது. இவை ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு அப்போதுதான் புதிதாக வந்துகொண்டிருந்த வெப்சாக்கெட்டைப் பிடித்தாள். போனை வைக்காமலே இரண்டு பக்கமும் காதில் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற இணைப்பு அது. எந்தப் பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

"பேசலாம் சரி. இன்னா பேசறோம்னு தெரிய வேணாமா?" என்று அதற்கு மேலே ஒரு லைப்ரரி, அதாவது மற்றப் புரோகிராம்கள் எல்லாம் எடுத்துப் பயன்படுத்துகிற பொதுப் புரோகிராம் ஒன்று, எழுதினாள். எல்லாப் புரோகிராம்களும் அதன் வழியாகத்தான் சேதி அனுப்பவேண்டும். ஒவ்வொரு சேதியும் தன் வகையைச் சொல்லவேண்டும்: தகவல், கேள்வி, ஒத்திகை, எச்சரிக்கை. தகவலுக்குப் பதில் வேண்டாம். கேள்வி என்றால் பதில் வரும்வரை அது திறந்தே கிடக்கும். வகை சொல்லாமல் வருகிற சேதியை லைப்ரரி வாசலிலேயே நிறுத்தி, 'என்ன சேதி என்று சொல்லாததால் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

மேனேஜருக்கு விளக்கும்போது ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "நாலு மூலையிலயும் மஞ்சள் கீதா சார்? பிரிக்காமயே நல்ல சேதின்னு தெரியுதில்ல? கருமாதிக் கடுதாசின்னா மூலையில கறுப்பு மை. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் மூலையைப் பாத்துட்டுத்தான் கையில வாங்குவாங்க. நான் மூலைக்கு மஞ்சள் தடவறேன், அவ்ளோதான்." அன்றிலிருந்து ஆபீசில் அவளுக்கு 'மஞ்சமூலை' என்று பெயர். வைத்தது நான்தான்.

இன்னொரு விதியும் வைத்திருந்தாள். ஒவ்வொரு சேதியிலும் அனுப்பினவர் பெயர் இருக்கவேண்டும், அதை அனுப்புகிறவரே போடவேண்டும். தெரியாதவர் பெயரை நாமே ஊகித்துப் போட்டுக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அடுத்தவன் பேரை நாம போடறது மொட்டைக் கடுதாசிய விட மோசம்பா. அவனே போடட்டும். போடலன்னா வெறுமனயே கெடக்கட்டும்," என்றாள்.

சோதனை செய்யும் புரோகிராம் என் பொறுப்பு. தொண்டு நிறுவனத்துக்காரர்களுக்குப் போட்டுக்காட்டும் டெமோவுக்கு இரண்டு நாள் இருந்தது. நான் எந்தச் சேதி அனுப்பினாலும் லைப்ரரி திருப்பி அனுப்பியது. எந்தக் குப்பம் என்று சொல்லவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது. ஒத்திகையா, உண்மையா என்று சொல்லவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் நேரில் படுத்துவது போதாதென்று கம்ப்யூட்டருக்குள்ளும் உட்கார்ந்து படுத்துகிறாளே என்று தோன்றியது. அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியில் அவள் லைப்ரரியைத் திறந்து ஒரு புது வகை சேர்த்தேன். அது வந்தால் எதையும் கேட்காமல் வாசலைத் திறந்துவிட வேண்டும். அந்த வகைக்கு 'சும்மா' என்று பெயர் வைத்தேன். அவளைக் கேலி செய்கிறேனாம். யாருக்கும் காட்டாத கேலி, எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

டெமோ பிரமாதமாக முடிந்தது. வந்தவர்கள் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்போது கம்பம் எதுவும் இணைக்கப்படவில்லை. 'சும்மா'வை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து முதல் குப்பத்தில் கம்பம் நட்டார்கள். ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் மேஜையிலிருந்து ஒரு சேதி அனுப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, வகையை 'சும்மா'விலேயே விட்டு, ஒரு பொத்தான். டீ குடிக்கப் போய்விட்டேன்.

அவள் பெட்டிக்கு எழுதியிருந்த புரோகிராமில் ஒரு வரி உண்டு. தெரியாத வகையில் சேதி வந்தால், ஆபத்து என்றே எடுத்துக்கொள், ஒலிபெருக்கியில் அபாயச் சங்கை ஊது. அது சரியான முடிவுதான். கடல் ஓரத்தில் புரியாத சேதி வந்தால் பயந்துகொள்வதுதான் நல்லது. தெரியாத வகை எதுவும் தன் வாசலைத் தாண்டி வரவே வராது என்று அவள் நம்பினாள். நான் வாசலைத் திறந்துவைத்திருந்தேன்.

கம்பத்துக்குப் பொறுப்பாக இருந்த மீனவர் ஆபீசுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். பின்னால் சங்குச் சத்தம், அதற்கு மேலே அலறல். "இன்னாம்மா, கடலு பொங்குதா? சங்கு ஊதிகினே கீது! ஜனங்கல்லாம் ரோட்டைப் பாத்து ஓடிகினு கீது! சொல்லும்மா, நெஜமா?" என்று கத்தினார். அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அண்ணே, இது நல்ல சேதி. கடல்ல ஒண்ணும் இல்ல. தப்பு எங்களுது. பெட்டியில செவப்பு ஒயரைப் புடுங்குங்க," என்றாள். குரல் நடுங்கவில்லை.

யாரும் சாகவில்லை. சுனாமியில் பெரிய பெண்ணைப் பறிகொடுத்த ஒரு அம்மாள், சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது படகுக் கயிறு தடுக்கி விழுந்து கால் ஒடிந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

மதியம் மூன்று மணிக்கு மீட்டிங் என்றார் மேனேஜர். இரண்டே முக்காலுக்கு அவள் என் இருக்கைக்கு வந்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "இது தகவல், பதில் வேணாம். நான் லாக் பாத்துட்டேன்." எந்தச் சேதி எந்த மேஜையிலிருந்து போனது என்று கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கிற பதிவு அது. எழுந்து போய்விட்டாள்.

கேள்வியாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அவள் பதில் வேண்டாம் என்றதும் எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதும்போது முகம் எரிகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

மீட்டிங்கில் மேனேஜர் பெட்டிப் புரோகிராமைத் திரையில் போட்டார். "தெரியாத வகை வந்தா சங்கு ஊது. இந்த வரியை எழுதினது யார்?"

"நான்தான் சார்."

"தெரியாத சேதி உள்ளே எப்படி வந்தது? உன் லைப்ரரி தடுக்கும்னுதானே அத்தனை தடவை சொன்னே? மஞ்சள், மூலைன்னு?"

"லைப்ரரி என்னுது சார். வாசல் என்னுதுதான்," என்றாள்.

"யார் அனுப்பின சேதி அது?"

"அனுப்பினவங்க பேரு வெறுமையா இருக்கு சார்."

சொல்லிவிட்டு நோட்டை மூடிவைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகி மூடினேன், திருகித் திறந்தேன். அந்த அறையில் அத்தனை பேருக்கு நடுவே, என் பெயரை நானே போடுவதற்கு அவள் இடம் விட்டுவைத்திருந்தாள். எனக்கு அது அப்போதே புரிந்தது. என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. இதுவும் உண்மை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அவங்கதான் தப்பு தன்னோடதுன்னு சொல்லிட்டாங்கல்லா? நீ எதுக்குப் போயி வாயைக் குடுக்க?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் கேட்டேன்.

மறுநாள் காலை குப்பத்துக்குப் போக அவளை அனுப்பினார்கள். துணைக்கு என்னை. போகும் வழியெல்லாம் ஜீப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பத்து உச்சியில் ஒலிபெருக்கியின் வாயில் கோணிச் சாக்கைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "இனிமே இது ஊதினா எவன் ஓடுவான்? நெஜமாவே வந்தாலும் ஒக்காந்து வலை பின்னிகினுதான் இருப்போம்," என்றார் முந்தின நாள் போன் செய்த மீனவர்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றாள். ஜனம் கூடியிருந்தது. "இது மன்னிப்பு. நீங்க பதில் சொல்ல வேணாம். திட்டணும்னா திட்டுங்க, கேட்டுக்கறேன்," என்றாள்.

காலில் கட்டோடு கட்டிலில் கிடந்த அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நீயாம்மா அமுக்கின?"

அவள் கட்டில் பக்கத்தில் குனிந்தாள். "எங்க ஆபீசும்மா," என்றாள். நான் அவளுக்கு ஒரு அடி பின்னால், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தப் பொத்தானை அழுத்திய விரல்தான் குடைக் காம்பைப் பிடித்திருந்தது. யாரோ ஒரு பெண், வெயிலில் வந்திருக்கிறார்களே என்று எங்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தாள். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்து, கிளம்பும்போது அந்தச் சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். நான் முழுசாகக் குடித்தேன்.

மாதக் கடைசியில் அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். ராஜினாமா என்றுதான் அறிவித்தார்கள். அவள் எல்லோரிடமும், "இது சந்தோஷமான சேதி இல்ல. ஆனா அழற சேதியும் இல்ல," என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸையும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் அந்த 'சும்மா' வகையை நீக்கினேன். செய்த மாற்றத்துக்குக் குறிப்பு எழுதச் சொல்லி இயந்திரம் கேட்டது. 'சிறு திருத்தம்' என்று எழுதினேன். அடுத்த வருஷம் அந்த லைப்ரரிக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவள் மதுராந்தகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். போன் நம்பர் என்னிடம் இருந்தது. எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். ஒரு மிஸ்டு கால்கூடக் கொடுத்ததில்லை. கொடுத்தால் எத்தனை அடி அடிப்பது என்று தெரியவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம், திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மலைக் கோயிலிலிருந்து இறங்கி வந்த கூட்டத்துக்கு நடுவே, தோளில் துணிப்பையோடு செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் யோசிக்கவில்லை. ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடினேன். ஒரு ஆட்டோக்காரர் திட்டினார். மூன்று வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. இது மன்னிப்பு, அமுக்கினது நான். நாலே சொல்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "வாப்பா! ஒரு நல்ல சேதி கீது, மொதல்ல அதைக் கேளு. குப்பத்துல சாக்கை அவுத்துட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசம் ஒரு தபா போய்கினுதான் இருந்தேன். ஒவ்வொரு வூடா போயி ஒக்காந்து பேசினேன். போன வாரம், இது ஒத்திகை, இது ஒத்திகைன்னு மூணு தபா மைக்ல சொல்லிட்டு ஊதிக் காட்டினோம். ஒருத்தரும் பயப்படல. கயித்தை அவுக்க வெச்சது யாருன்னு நெனைக்கிற? அந்தக் கால் ஒடிஞ்ச அம்மாதான். அதுவே ஏணியைக் கொண்டாந்து மவளை ஏத்திவுட்டுச்சி," என்று சிரித்தாள்.

பஸ் வந்து நின்றது. ஜனம் முண்டியடித்தது. அவள் ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியிருந்தது.

"இந்த வெயில்ல ஓடியாந்தியே. இன்னாபா, தகவலா, கேள்வியா?"

கண்டக்டர் விசில் ஊதவில்லை. டிரைவர் இறங்கிச் சோடா குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவளும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான்," என்றேன். "பார்த்து ரொம்ப நாளாச்சில்ல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. எதையோ கீழே வைப்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள். "சரிபா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். வகை சொல்லாத ஒரு சேதியைத் திருப்பி அனுப்பாமல் அவள் வாங்கிக்கொண்டு போனது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான்.